பார்க்காதே என்று நான் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, டெல்லியில் திரும்பிய பக்கமெல்லாம் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த ஒரு குளிர்காலத்தில் இது நடந்தது. நாங்கள் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்புக்குப் பின்னால், சாக்கடை வாய்க்கால் ஓரமாக இருந்த குடிசை வரிசையில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். கூரை மட்டும் தகரமாகியிருக்கிறது. விழுப்புரம் பக்கத்திலிருந்து நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவர்கள். அப்பா மேம்பால வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவார், பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். அம்மா குடியிருப்பில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லோதி ரோட்டில் தமிழ் சொல்லித்தரும் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தேன். இதைச் சொல்லும்போதெல்லாம் என் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். நிமிரட்டுமே. எங்கள் வரிசையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டு மனு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர்களைவிட அதிகமாக நான் நம்பினேன்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். மார்க்கெட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஆறு மெஷின்கள், ஒரு பஞ்சாபி மாஸ்டர். அவர் தோளில் எப்போதும் கட்டம் போட்ட துண்டு ஒன்று கிடக்கும். முதல் வாரம் முடிந்ததும் அந்தத் துண்டை எடுத்து மெஷினையும் என் கைகளையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். "மத் தேக்கோ!" என்றார். பார்க்காதே. துண்டுக்கு அடியில் என் விரல்கள் முயல்குட்டிகள் போல முட்டி மோதின. குனிந்து எட்டிப் பார்த்தால் மேஜையில் ஸ்கேலால் ஒரு தட்டு. கண்ணுக்கு இங்கே வேலையில்லை மகளே, விரலுக்கே எல்லாம் தெரியும், நீ அதைத் தொந்தரவு செய்யாமல் இரு என்று ஹிந்தியில் சொல்வார்.

இரண்டு மாதத்தில் விரல்கள் தாமாகவே எழுத்துகளைத் தேடிப் பிடிக்கத் தொடங்கின. ஒரு பக்கம் முழுக்க ஒரு பிழைகூட இல்லாமல் அடித்த அன்று ஓட்டமாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சாயங்கால வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பாக்காமலே அடிக்கிறியா? அதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" பின்னை எடுத்துச் செருகினாள். "நான் இன்னாடி, முதுவுல கண்ணு வச்சிக்கினா கொண்ட போடறன்? டி.வி.ல பாட்டு போட்டா, பாட்டப் பாத்துக்கினே அம்புட்டு பாத்திரத்தையும் தேச்சிடுவன். எனக்கு எந்த மாஸ்டரு துண்டு போத்துனாரு?"

"அது வேறம்மா, இது வேற. இது இங்கிலீஷ்."

"ஆமாமா. இங்கிலீசு அடிக்கிற கையி வேற, கரி தேய்க்கிற கையி வேற" என்று சிரித்தபடியே போய்விட்டாள்.

டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் போட்டு வாட்டிவிட்டுப் போனது. எழுந்து உட்கார்ந்தாள், கஞ்சி குடித்தாள், முகம் தெளிந்தது. ஆனால் கை சரியாக இல்லை. அதை எப்படிச் சொல்வதென்றே எங்களுக்குத் தெரியவில்லை. பலம் இருந்தது. ஈரப் போர்வையை என்னைவிட நன்றாகப் பிழிவாள். தொட்டால் தெரிந்தது, சுட்டால் தெரிந்தது. ஆனால் டம்ளரை எடுக்கப் போனால் கை டம்ளரைத் தாண்டிப் போய் நிற்கும். பிடித்துவிட்டாலும், யாராவது கூப்பிட்டுத் திரும்பினால் போதும், அடுத்த நிமிடம் டம்ளர் தரையில் உருளும். அவள் வேறு எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது விரல்கள் ஆர்மோனியம் வாசிப்பது போலத் தாமாக மேலும் கீழும் அசையும். நான் சொன்னால்தான் குனிந்து பார்ப்பாள். பார்த்ததும் நின்றுவிடும்.

ஒருநாள் காலையில் ரஜாய்ப் போர்வைக்குள் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, ஏங்கையி எங்க கெடக்குதுன்னு கொஞ்சம் பாரேன்."

"காலங்காத்தால இன்னா தமாசும்மா?"

"தமாசு இல்லடி. கையி இருக்குது. எங்க இருக்குதுன்னுதான் தெரியல."

ரஜாயை விலக்கினேன். வலது கை அவள் முதுகுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. கண்ணால் பார்த்த பிறகுதான் அதை இழுத்துக்கொண்டாள். தொலைத்த சாவி கிடைத்தவள் போல அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் கொண்டை போடவும் என்னைத்தான் கூப்பிட்டாள். தன் தலைமுடியில் யாரையும் கை வைக்க விடாதவள் அவள். "பின்னால போனா கையி காணாம போயிடுதுடி" என்றாள், யாரோ ஒரு குறும்புக்காரக் குழந்தையைப் பற்றிச் சொல்வது போல.

காய்ச்சல் நாட்களிலேயே மூன்று வீடுகளில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். நாலாவது வீட்டு அக்கா மட்டும், திருநெல்வேலிக்காரர், ஜனவரி முடியும்வரை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதுவரை அவரே தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அந்த வீடு போய்விடுமோ என்ற பயத்தைவிட இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி ஒருமுறை கேட்டாள்: "இனிமே ஒரு டம்ளரக் கழுவி வக்கிறதுக்காவது ஆவுமாடி இந்தக் கையி?"

நான் படித்தவள் ஆயிற்றே. யோசித்தேன். அம்மா எந்நேரமும் தன் கையையே முறைத்துப் பார்ப்பதைக் கவனித்தேன். வெங்காயம் எடுத்தால் கையைப் பார்ப்பாள், பொத்தான் போட்டால் கையைப் பார்ப்பாள், பேசும்போதுகூட மடியில் கிடக்கும் கையை அடிக்கடி குனிந்து பார்ப்பாள். அடடா, இதுதானே விஷயம் என்று எனக்குப் பட்டது. டைப் வகுப்பில் முதல் வாரம் நாங்களும் இப்படித்தான் இருந்தோம். பார்த்துப் பார்த்து அடிக்கிறவளுக்குக் கடைசிவரை கை வராது என்று மாஸ்டர் சொல்வாரே! காய்ச்சலில் அம்மாவுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. விரலுக்கு எல்லாம் தெரியும், கண்தான் குறுக்கே வந்து நிற்கிறது.

என் துப்பட்டாவை எடுத்தேன். அம்மாவின் கைகள் மேல் போர்த்தினேன். பூண்டு உரிக்கச் சொன்னேன். டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னேன்.

"பாக்காதம்மா. ஏம் மூஞ்சியப் பாரு."

அந்தக் குளிரிலும் அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. துப்பட்டாவுக்கு அடியில் கைகள் ஒன்றையொன்று தேடின. ஒரு தடவை திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தாள். நான் மாஸ்டர் போலவே கரண்டியால் தரையில் ஒரு தட்டு தட்டினேன்.

"ஐயோ டீச்சரம்மா, அடிச்சிடாதீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐந்து நாள் இப்படி நடந்தது. ஐந்து நாளில் ஒரு பல் பூண்டுகூட உரியவில்லை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ நான் பொறுமை இழந்து, நீ மனசு வைக்க மாட்டேங்கிற, உனக்கு பயம், அதான் விஷயம் என்று கத்திவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. "மனசு வக்கிறன் கண்ணு. அது வருது. கையிதான் வர மாட்டங்குது" என்றாள்.

ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே டம்ளர் இருந்தது. கையை மூடினால் போதாது, கண்ணையே மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. துப்பட்டாவால் அவள் கண்ணைக் கட்டினேன். தினமும் நீ எடுக்கும் டம்ளர்தான், அதே இடத்தில்தான் இருக்கிறது, எடு என்றேன்.

"வேணான்டி. அடுப்பு எரியுது."

"நான் இருக்கிறேன்ல. எடும்மா."

என் பேச்சுக்காகக் கையை நீட்டினாள். கை டம்ளர் பக்கம் போவது போலத்தான் போனது. பிறகு காற்றில் மிதக்கும் இலை போல மெல்ல இடது பக்கம் விலகியது. நான் பிடிப்பதற்குள் அது ஸ்டவ்வின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

"சுடுது! சுடுதுடி! கையி எங்க இருக்குது? எங்கடி இருக்குது?"

அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். சுடுவது தெரிந்தது. எந்தப் பக்கம் இழுத்தால் தப்பிக்கலாம் என்பது தெரியவில்லை. இழுத்த கை பாத்திரத்தில் மோதியது, கொதிக்கும் டீ மணிக்கட்டில் சரிந்தது. துப்பட்டாவைப் பிடுங்கினேன். அம்மா முதலில் என்னைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பார்த்தபிறகுதான் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். "பையா, ஜல்தி, ஜல்தி" என்று ஆட்டோக்காரரை அவசரப்படுத்தி வழியெல்லாம் நான் கத்திக்கொண்டு வந்தேன். அம்மா, வெந்த கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு, "மெதுவாவே போவட்டும், அவன் இன்னா பண்ணுவான்" என்றாள்.

அங்கே மருந்து போட்டவர் ஒரு இளம் டாக்டர். பெண். என்னைவிட ஐந்தாறு வயதுதான் அதிகம் இருக்கும். கட்டுப் போட்டுக்கொண்டே எப்படி நடந்தது என்று ஹிந்தியில் கேட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். அப்போது அவளுடைய மற்றக் கை பெஞ்சின் மேல் ஆர்மோனியம் வாசிக்கத் தொடங்கியது. டாக்டர் கட்டுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தார்.

பிறகு அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். வேகாத கையின் சுண்டுவிரலை இரண்டு பக்கமும் பிடித்து, மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை அசைத்தார். "ஊப்பர்? நீச்சே?" என்று கேட்டார்.

மேலே தூக்கியபோது அம்மா கீழே என்றாள். கீழே இறக்கியபோதும் கீழே என்றாள். எனக்கு மானம் போவது போல இருந்தது. "அம்மாவுக்கு ஹிந்தி சரியாக வராது" என்று முந்திக்கொண்டு சொன்னேன். அது பொய். பதினெட்டு வருடம் பஞ்சாபி வீடுகளில் வேலை செய்தவள், என்னைவிட நன்றாக ஹிந்தி பேசுவாள். டாக்டர் மறுக்கவில்லை, நீயே தமிழில் கேள் என்றார். கேட்டேன்.

"மேலயாம்மா, கீழயா?"

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த குழந்தை போல யோசித்தாள். "புடிச்சிருக்காங்க, அது தெரியுது. எங்க வச்சிருக்காங்கன்னு தெரியல. நீ சொல்லு கண்ணு, எது சரியோ அதச் சொல்லிடறன்."

அடுத்து டாக்டர் என் விரலைப் பிடித்தார். நான் கண்ணை மூடினேன். மேலே. கீழே. மேலே. இம்மியளவு அசைத்தபோதும் தெரிந்தது. பத்துக்குப் பத்து. கண்ணைத் திறந்ததும் டாக்டர் கேட்டார்: பார்க்காமல் எப்படிச் சொன்னாய்?

தெரிந்தது, அவ்வளவுதான். யாரும் சொல்லித்தரவில்லை. எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. துண்டு போர்த்தி நான் கற்றுக்கொண்டதாக நினைத்த வித்தை இதன் மேல்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. கை ஒவ்வொரு நொடியும் உள்ளே செய்தி சொல்லிக்கொண்டே இருக்கிறதாம், நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு மடங்கியிருக்கிறேன் என்று. அம்மாவுக்கு அந்தச் செய்தி வரும் நரம்புகள் கெட்டுவிட்டன, உத்தரவு போகும் நரம்புகள் நன்றாக இருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். சரியாகுமா என்றேன். கொஞ்சம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். பிறகு என்னிடம் அழுத்தமாக ஒன்று சொன்னார். இனி கண்தான் இவருக்கு அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். கையைப் பார்ப்பதை மட்டும் யாரும் தடுத்துவிடாதீர்கள்.

தலை குனிந்து, தடுத்தது நான்தான் என்றேன். துண்டு, துப்பட்டா, கரண்டி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

நாங்கள் பாதி ஹிந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் பேசியது அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் புரிந்திருக்க வேண்டும். என் கண் கலங்கியதை மட்டும் பார்த்தாள். என்னைக் குற்றம் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். கட்டுப் போட்ட கையை முன்னால் நீட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டரிடம் தன் ஹிந்தியில் சொன்னாள்: "மேரி பேட்டி டைப் சீக்தி ஹை. பினா தேக்கே!" என் மகள் டைப் படிக்கிறாள். பார்க்காமலே அடிப்பாள்.

அதைச் சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். என் கழுத்தும் அப்படித்தான் நிமிரும்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் கேட்டாள்: "அந்த டாக்டரு கடசியா இன்னா சொல்லிச்சி?"

"உன் கையப் பாக்கணுமாம்மா. எப்பவும் பாத்துக்கினே இருக்கணுமாம். நான் பாக்காதன்னு சொன்னது தப்பாம்."

அம்மா கட்டுப் போட்ட கையைக் குனிந்து பார்த்தபடி நடந்தாள். "நீ எனக்குக் கையி வரணும்னுதான சொன்ன" என்றாள். பிறகு, "அப்ப இனிமே எட்டிப் பாத்தா கரண்டியால தட்ட மாட்டியே?" என்றாள். அந்த வாசலில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கட்டுப் பிரித்ததும் அவளாகவே வழிகள் கண்டுபிடித்தாள். குளிரென்றாலும் ஸ்வெட்டர் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டாள், கை மறையக் கூடாதல்லவா. இரண்டு கைக்கும் சிவப்பில் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கண் அசந்து கை எங்காவது கிளம்பினால் வளையல் கூப்பிடும், அவள் திரும்பிப் பார்ப்பாள். கரண்ட் போனால் எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். விளக்கு வந்தபிறகுதான் அவிழ்ப்பாள்.

ஜனவரி முடிய இரண்டு நாள் இருக்கும்போது திருநெல்வேலி அக்கா வீட்டுக்கு அவளோடு நானும் போனேன். என் தப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீட்டு அடுப்படியில் தொட்டி ஒரு இருட்டு மூலையில் இருந்தது. அக்கா யோசித்துவிட்டு, "அதுக்கென்ன, பின்னால வெளிக்கொழாய் இருக்குல்லா? வெயில்ல உக்காந்து தேய்க்கட்டும். எனக்கென்ன அவசரம், விமானமா பிடிக்கணும்?" என்றார்.

முன்பு அரை மணியில் முடித்த பாத்திரங்களுக்கு இப்போது ஒன்றரை மணி ஆயிற்று. உள்ளே டி.வி.யில் பாட்டு ஓடினாலும் அம்மா தலையைத் திருப்பவில்லை. ஒருநாள் அக்கா கேட்டாராம்: "என்னத்துக்கு அந்தச் சட்டிய இப்படி மொறச்சிப் பாக்க? ஓடியா போயிரும்?" அம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னாளாம்: "சட்டி ஓடாதுக்கா. கையிதான் ஓடிப்போவுது." அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு ஒரு டம்ளர்கூட அவள் கையிலிருந்து விழவில்லை.

ஏப்ரலில் எனக்கு டைப்ரைட்டிங் பரீட்சை வந்தது. அன்று காலையில் நான் தலை வாரிக்கொள்ளும்போது, "இப்படித் திரும்பி உக்காரு" என்றாள் அம்மா. காய்ச்சலுக்குப் பிறகு அவள் எனக்குப் பின்னிவிட்டதில்லை. தயங்கினேன். "ஏந்தலதான் எனக்குத் தெரியாது. உந்தல ஏங்கண்ணு முன்னாலதான இருக்குது?" என்றாள். ஒவ்வொரு கற்றை முடியாக எடுத்து, பார்த்துப் பார்த்துப் பின்னினாள். வளையல் என் காதருகே மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு இழுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாததால் பின்னல் தலையைப் பிய்த்துவிடும் போல இறுகியது. அந்த இறுக்கத்தோடுதான் போய்ப் பரீட்சை எழுதினேன், தேறினேன்.

இப்போது ஆர்.கே. புரத்தில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். அம்மாவின் கை முழுசாகத் திரும்பவில்லை, அந்த அக்கா வீட்டு வேலையும் போகவில்லை. தினமும் காலையில் அவள் எனக்குப் பின்னிவிடுகிறாள், நான் அவளுக்குக் கொண்டை போட்டுவிடுகிறேன். ஹேர்பின் எங்கே என்று அவள் தேடுவாள். "பாரும்மா, உங்கையிலதான் இருக்கு" என்பேன். இரண்டு மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு எத்தனையோ சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறேன், ஆனாலும் பார்க்காதே என்று ஒருநாள் சொன்ன என் வாயால் காலைதோறும் சொல்லும் இந்த 'பாரும்மா'வைத்தான் நான் படித்ததிலேயே கடினமான பாடமாக இன்றும் நினைக்கிறேன்.